ஒரு தடவைதான் கேட்பார்

இத்தாலிய மொழி எனக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வரவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்த ஆள் நான். அதிலும் பதினெட்டு வருஷம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள். அங்கே பிள்ளைகள் சேர்வது குறைந்துபோய் எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் தஞ்சாவூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்த மொழிப் பயிற்சி மையத்தின் அறிமுகம் கிடைத்தது. நர்சிங் முடித்த பெண்களுக்கு மொழி கற்றுக்கொடுத்து வெளிநாட்டு முதியோர் இல்லங்களுக்கு அனுப்புகிற இடம். ஜெர்மன் வகுப்புக்கு ஆள் இருந்தது. இத்தாலிய வகுப்புக்கு ஒரே ஒரு டீச்சர்தான், இன்னொருவர் வேண்டும் என்றார்கள். ஒன்றரை வருஷம் மன்னார்குடியில் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் படித்துத் தேர்வும் எழுதி முடித்துவிட்டுப் போய் நின்றேன்.

மையத்தை நடத்துகிறவர் சந்தோஷப்பட்டார். "மொழி தெரிஞ்சா போதாது மேடம். ஆறு மாசம் அவங்க கிளாஸ்ல பின்னாடி உக்காந்து எப்படி நடத்துறாங்கன்னு பாருங்க. அப்புறம் தனியா எடுக்க முடிஞ்சா வேலை உங்களுக்குத்தான். முடியலைன்னா, பாப்போம்." இந்தப் 'பாப்போம்' என்னவென்று எனக்குத் தெரியும். கல்லூரியிலும் கடைசியாக அதைத்தான் சொன்னார்கள்.

அந்த 'அவங்க'ளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். சொன்னால் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அவருடைய சொந்தக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். நான் அவரிடம் வேலை கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை ஒரு நாள் அவரிடமே காட்டினேன். நான் செய்தது சரியா, பெரிய தப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

முதல் நாள் மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தேன். சித்திரை வெயில். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே இருந்த இடுக்கைத்தான் ஆசிரியர் அறை என்றார்கள். அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். காட்டன் புடவை, இறுக்கி முடிந்த கொண்டை. வளையல் கிடையாது, பெரிய வட்டம் வைத்த ஆண்கள் கடிகாரம் ஒன்று மட்டும். ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டே, "டீ குடிக்கிறீங்களாக்கா?" என்றார்.

"பரவால்லைங்க, வேண்டாம்" என்றேன். வேறென்ன சொல்வது? முதல் நாள், முகம் பார்த்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, எடுத்த எடுப்பிலேயே 'ஊத்துங்க' என்றா சொல்ல முடியும்? அவர் 'அட, சும்மா குடிங்க' என்பார். நான் 'இப்பதான் குடிச்சேன்' என்று ஒரு பொய் சொல்வேன். அவர் 'அரை கிளாஸாவது' என்பார். நான் 'சரி, அரை கிளாஸ்' என்பேன். முழு கிளாஸ் வரும். எங்கள் பக்கத்தில் டீ என்பது இப்படித்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்.

அவர் தலையை ஆட்டினார். ஒரே ஒரு கிளாஸில் ஊற்றினார். என் கண்ணெதிரே ஊதி ஊதிக் குடித்து முடித்தார். ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கோ தலைவலியில் மண்டை வெடித்துவிடும்போல இருந்தது. சரியான கஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் கேட்டார். நேற்று செய்ததற்கு வருத்தப்பட்டு இன்றைக்கு வற்புறுத்துவார் என்ற நம்பிக்கையில் மறுபடி வேண்டாம் என்றேன். மறுபடி ஒற்றை கிளாஸ். மூன்றாம் நாள் அவர் வாயைத் திறந்ததுமே "குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஊற்றிக் கொடுத்தார். ஒரு சிரிப்பு இல்லை, கேலி இல்லை, 'இப்பவாவது கேட்டீங்களே' என்று ஒரு வார்த்தை இல்லை. கஞ்சம் என்று நினைத்தது தப்பு, இது திமிர் என்று என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

வகுப்பில் போய் உட்கார்ந்தால் அங்கேயும் இதே கதை. பன்னிரண்டு பெண்கள், எல்லோரும் நர்சுகள். முதல் பாடம் எழுத்து என்று நினைத்தேன், இல்லை. 'என் பெயர் இன்னது' என்பதும் இல்லை. வீட்டிலிருந்து ஒரு சீப்புப் பூவன்பழம் கொண்டுவந்து தட்டில் பிரித்து வைத்தார். ஒவ்வொருத்தி முன்னாலும் போய் நின்று, "வுவோலே?" என்று கேட்டார். வேண்டுமா என்று அர்த்தம், மரியாதையாகக் கேட்பது. வேண்டுமென்றால் 'சீ' சொல்ல வேண்டும், வேண்டாமென்றால் 'நோ, கிராட்ஸியே'. பழத்தோடு எதிரே நிற்கிற மேடத்தைப் பார்த்துச் 'சீ' என்று சொல்வதா என்று பெண்களுக்கு ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் ஒழுங்காக, குனிந்த தலையோடு, 'நோ, கிராட்ஸியே' என்றார்கள். பக்கத்தில் பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவள் முதலில் கையை நீட்டுவாள்?

அவர் பன்னிரண்டு பேரையும் கேட்டு முடித்து, மேசைக்குத் திரும்பி, ஒரு பழத்தை உரித்துத் தின்றார். மீதியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அடுத்த நாளும் இதே. அதற்கடுத்த நாளும். நான் பின்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, அவருடைய கற்பிக்கும் முறை என்ன என்று குறிப்பெடுக்கப் பார்த்தேன். மூன்று நாளில் 'பழம்' என்ற ஒரு வார்த்தையைத்தான் எழுத முடிந்தது. ஆன்லைன் பாடங்களில் பத்துப் பன்னிரண்டு முறைகளைச் சொல்லியிருந்தார்கள். பழத்தைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் போவது அதில் எதிலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கீழ்வேளூர்ப் பெண் ஒருத்தி, சுகந்தி என்று பெயர், விடுதியில் காலைச் சாப்பாடு நன்றாக இல்லை போலிருக்கிறது, அவர் எதிரே வந்ததும் "சீ" என்று சத்தமாகச் சொல்லிப் பழத்தை எடுத்துக்கொண்டாள். வகுப்பே ஓவென்று கத்தியது. அவர் அப்போதுதான் சிரித்தார். அன்றைக்குத்தான் கரும்பலகையில் முதல் எழுத்தை எழுதினார்.

இதில் மொழி எங்கே இருக்கிறது, மரியாதை எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. இவர் இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறாரா, நம் பிள்ளைகளுக்கு நம் வீட்டில் சொல்லி வளர்த்ததை மறக்கச் சொல்லிக்கொடுக்கிறாரா?

பதினைந்து நாள் கழித்து என்னை ஒரு மணி நேரம் எடுக்கச் சொன்னார். விடிய விடியத் தயார் செய்யாத குறைதான். வண்ண வண்ணமாகச் சாக்கட்டி, கோடு போட்ட அட்டவணை, தமிழில் விளக்கம். நல்ல வேகத்தில் போனது. நான் கேள்வி கேட்பேன், ஒரு பெண் முழிப்பாள், பாவமாக இருக்கும், நானே பதிலைச் சொல்லிவிடுவேன். முடித்து வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். "டீ குடிக்கிறீங்களாக்கா?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் சொல்வார் என்று பார்த்தேன், இல்லை. ஒரு வாரம் போனது. எனக்குத் தூக்கம் கெட்டுப்போனது. இந்த ஆளின் ஒரு வார்த்தையில் என் வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆளோ வாயைத் திறக்கிற வழியாக இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு நானே கேட்டேன்.

"மேடம், அன்னிக்கி நான் எடுத்த கிளாஸ் எப்படி இருந்துச்சு? நல்லா இல்லையா?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பேசினார். நான் எந்த நிமிஷத்தில் யாரிடம் என்ன கேட்டேன் என்பதுவரை மனதில் வைத்திருந்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"நீங்க கேக்கலையேக்கா."

"நான் என்ன கேக்கறது? பெரியவங்களா பாத்துச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"நான் எங்கக்கா பெரியவ? நீங்கதானே மூத்தவங்க" என்று சிரித்தார். பிறகு சொன்னதுதான் முக்கியம். "கேள்வி கேட்டுட்டு நீங்களே பதிலையும் சொல்லிடுறீங்க. ரெண்டு செகண்டு விட மாட்டேங்கிறீங்க. கேட்டுட்டு சும்மா இருக்கணும்க்கா. அதுதான் கஷ்டம். அவ முழிக்கட்டும். தேடட்டும். அந்த நேரத்துல ஃபேனைப் பாருங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. ரெண்டாவது தடவை மட்டும் கேட்டுடாதீங்க."

அதிலிருந்து நான் ஃபேனைப் பார்க்கப் பழகினேன். கேள்வி கேட்டுவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று. ஏழுக்கு மேல் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் ஒன்பதில் அந்தப் பெண் வாயைத் திறப்பாள். தப்பும் தவறுமாக ஏதோ சொல்வாள், சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்படுவாள். நான்கு மாதத்தில் எனக்கு இது வந்துவிட்டது. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

ஏன் இப்படி ஆனார் என்பதை ஒரே ஒரு தடவை சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், நான் கேட்டதால் சொன்னார். இருபத்து நான்கு வயதில் போனாராம். இத்தாலியின் வடக்கில் ஓர் ஆற்றுப் படுகை, அங்கேயும் நெல்தான். "நம்ம ஊர் மாதிரியேக்கா, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வயலு. ஆனா வயல்ல ஒரு ஆள் இருக்காது." ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. போய் இறங்கியதும் கிழவருடைய மருமகள் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். இவர் வேண்டாம் என்றார். அவள் சரி என்று சட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டாள். காலையில் கேட்டாள், இவர் மறுபடி வேண்டாம் என்றார். வற்புறுத்துவார்கள் என்று காத்திருந்து காத்திருந்து இரண்டு நாள் பையில் இருந்த பிஸ்கட்டையும் குழாய்த் தண்ணீரையும் வைத்து ஓட்டினாராம்.

"அழுதீங்களா?" என்றேன்.

"அழுதேன். அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. தாத்தா தண்ணி வேண்டாம்பாரு. நான் விடுவேனா? ஒரு வாய் குடிங்க, ஒரு வாய் குடிங்கன்னு பின்னாடியே போவேன். நம்ம வீட்டுல அப்படித்தானே? அவரு ஏஜென்சிக்கு போன் பண்ணி, இந்தப் பொண்ணு என்னைய மிரட்டுதுன்னு சொல்லிட்டாரு. இன்னொரு புகார் வந்தா ஊருக்கு அனுப்பிடுவோம்னாங்க." சாப்பாட்டு டப்பாவை மூடினார். "அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான். நாம வேண்டாம்னா இன்னொரு தடவை கேளுன்னு அர்த்தம். இதை எந்தப் புத்தகத்துலயும் போடலைக்கா. இந்தப் பிள்ளைங்க அங்க போயி பட்டினி கெடக்கக் கூடாது, எவனையும் மிரட்டுனதா பேரு வாங்கவும் கூடாது."

கேட்டதும் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அவர் அண்ணன் பேரனின் காதுகுத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். அங்கே போனதும் அந்த மரியாதை மறுபடி குழம்பியது.

பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாயசம் கொண்டுவந்தவர் "இன்னொரு கரண்டி?" என்றார். வரிசை முழுக்க ஐயோ வேண்டாம், போதும் போதும் என்று கையால் மறித்தபடியே வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும், "வேணும், போடுங்க" என்றார். இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. அடுத்து வடை வந்தது. "வேண்டாம்" என்றார். அது காதில் ஏறுமா? இரண்டு வடை இலையில் விழுந்தது. தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தார். பரிமாறியவர் முகம் விழுந்துபோனது.

கை கழுவுகிற இடத்தில் அவருடைய அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அவகூட வேலை பாக்குறவங்கதானே? கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. பதினாறு வருஷம் கழிச்சு வந்தா. வந்ததுலேர்ந்து இப்படித்தான். அவ வீட்டுக்குப் போனா ஒரு தடவை காப்பி குடிக்கிறியான்னு கேப்பா. இல்லைன்னா அவ்வளவுதான், விட்டுட்டு வேற பேச்சுப் பேசுவா. ஒரு தடவை கேட்டா அது கேக்குறதாங்க? ஒப்புக்குச் சொல்றது. ஊர்ல அவளுக்கு ஒத்தக்கேள்வின்னே பேரு வெச்சுட்டாங்க."

நான் அவரை விட்டுக்கொடுக்காமல் ஏதோ சமாளித்தேன். ஆனால் அண்ணி சொன்னதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. நானும் இந்தப் பக்கத்துக்காரிதானே.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் ஒதுங்கி நின்றார். "வாங்க மேடம், ஒண்ணாப் போயிடலாம்" என்றேன். "வேண்டாங்க்கா, நீங்க போங்க" என்றார். நான் ஏறிவிட்டேன். ஆட்டோ திரும்பும்போது பார்த்தால் அவர் ஆட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார். மழையைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

சுகந்தியின் நேர்முகத்தைச் சொல்ல வேண்டும். அவள் அப்பா கீழ்வேளூர்ப் பக்கம் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர். அந்த வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள் அவள்தான். ஒரு முதியோர் இல்லத்திலிருந்து ஓர் அம்மாள் வீடியோவில் வந்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். கேமராவில் விழாமல் ஓரமாக நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். சுகந்தி பிளந்து கட்டினாள். கடைசியில் அந்த அம்மாள் அன்பாக, உனக்குத் தங்குவதற்கு அறை நாங்கள் ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார்.

சுகந்தி சிரித்துக்கொண்டே, "நோ நோ, கிராட்ஸியே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணுக்கு அந்த ஊரில் ஒரு ஈ காக்கா தெரியாது. எதிரில் ஒரு பெரிய மனுஷி தானாக முன்வந்து ஒன்றைத் தருகிறேன் என்றதும் அவள் வாய் கீழ்வேளூர் வாயாக மாறிவிட்டது. உங்களுக்கு எதுக்குங்க சிரமம் என்கிற அதே வாய். அந்த அம்மாள் சரி என்று குனிந்து எதையோ எழுதினார். நான் எழுந்திருக்கப் போனேன். பக்கத்தில் இருந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்து அமர்த்தினார்.

"சொல்லுங்க மேடம், நீங்களாவது சொல்லுங்க" என்று கிசுகிசுத்தேன்.

"அவ சொல்லட்டும்."

"போனை வெச்சுடப் போறாங்க!"

அவர் பிடியை விடவில்லை. நான் வேறு வழியில்லாமல் ஃபேனைப் பார்த்தேன். எண்ணிக்கை பத்தைத் தாண்டிப் போய்விட்டது. அந்த அம்மாள் நன்றி சொல்லி முடிக்கிற குரலுக்கு வந்துவிட்டார். அப்போது சுகந்தியின் முகம் மாறியது. "மன்னிக்கணும்" என்று இத்தாலியனில் குறுக்கே பேசினாள். "நான் தவறாகச் சொல்லிவிட்டேன். எனக்கு அறை வேண்டும். கட்டாயம் வேண்டும்." அந்த அம்மாள் சிரித்தபடி மறுபடி எழுதிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்து பார்த்தால் என் மணிக்கட்டில் நான்கு நகக்குறி. அந்த அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்திருக்கிறார். அவ்வளவு பயந்துகொண்டா வாயை மூடிக்கொண்டிருந்தார்? அவள் கடைசிவரை சொல்லியிருக்காவிட்டால் என்ன செய்திருப்பார்? கேட்க வேண்டும் என்று நினைத்து, கேட்கவில்லை. சுகந்தி அந்தத் தையில் கிளம்பிப் போனாள்.

இப்போது அவர் இங்கே இல்லை. அந்தப் பழைய கிழவரின் மருமகளுக்கே வயதாகிவிட்டதாம். பார்த்துக்கொள்ள வா என்று இத்தாலிக்கே கூப்பிட்டாள், போய்விட்டார். அவர் போனதிலிருந்து வகுப்பு என் கையில். தனியாக எடுக்கிறேன், வேலையும் நிலைத்துவிட்டது. அவரைப் போலவே தட்டோடு போகிறேன், ஒரு தடவைதான் கேட்கிறேன், ஃபேனைப் பார்க்கிறேன். நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் சில நாள் ஒரு பெண் வீட்டிலிருந்து போன் வந்து முகம் வீங்கி உட்கார்ந்திருப்பாள். என்னம்மா என்றால் ஒன்றுமில்லை மேடம் என்பாள். அங்கேதான் நான் திண்டாடிப் போகிறேன். அவள் சொன்ன 'ஒன்றுமில்லை'யை எந்த ஊர்க் கணக்கில் வைப்பது? சில நாள் மறுபடி கேட்கிறேன். சில நாள் விட்டுவிடுகிறேன். இரண்டு விதத்திலும் வீட்டுக்கு வந்தபின் தப்பு செய்தவள்போலத்தான் இருக்கிறது. இதற்கெல்லாம் காரணம் அவர் போவதற்கு முன்னால் நடந்த ஒன்று.

சுகந்தி போய் எட்டு மாதம் இருக்கும். சம்பா நடவு நேரம். வகுப்பு முடிந்து பெண்கள் போய்விட்டார்கள். அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"புதன்கிழமை திருச்சியில எனக்கு ஒரு ஆபரேஷன்க்கா. கர்ப்பப்பையை எடுக்கணும்னுட்டாங்க. ஒரு பன்னெண்டு நாள் கிளாஸை நீங்க பாத்துக்குங்க."

"கூட யார் இருக்காங்க மேடம்? நான் வரட்டுமா?"

"வேண்டாங்க்கா."

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். இவர் அண்ணி இல்லை, பந்தியில் வடை போடுகிறவர் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிற ஒரு மனுஷியாவது தன்னைச் சுற்றி இருக்கட்டும் என்று நினைப்பவர். அவரிடம் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம் இது. கேட்டாகிவிட்டது, இனி சும்மா இருக்க வேண்டும். ஃபேனைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பலகையில் துடைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். எட்டு, ஒன்பது, பத்து.

"சரிக்கா" என்று டஸ்டரை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். அவருக்கு நான் கொடுத்த மரியாதை இது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. புதன்கிழமை அவர் மேசையில் உட்கார்ந்து வகுப்பு எடுத்தேன். போனில் விசாரித்தேன், நன்றாக இருக்கிறேன் என்றார். அண்ணி பார்த்துக்கொள்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் வந்தார். படியேறி வந்த மூச்சு அடங்க நேரம் பிடித்தது. இளைத்துப்போய்க் கடிகாரம் முழங்கைவரை சரிந்தது. பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் உள்ளே போனபின் அலமாரிச் சந்தில் நாங்கள் இருவர் மட்டும்.

"அண்ணி கூட இருந்தாங்களா மேடம்?" என்றேன்.

"இல்லக்கா. அவங்களுக்கு நடவு. ஆளு கெடைக்காத நேரம், எப்படி வருவாங்க?"

"அப்ப யாருதான் இருந்தாங்க?"

"யாருமில்ல. அங்க உள்ள நர்சுப் பிள்ளைங்கதான் எழுப்பி உக்கார வெச்சுதுங்க. முத நாள் ராத்திரிதான் கொஞ்சம் பயந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. "என்ன மேடம் இது? நான் வந்திருப்பேனே. எனக்கு என்ன வேலை? அன்னிக்கே கேட்டேனே, வரட்டுமான்னு. நீங்கதானே வேண்டாம்னீங்க!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் விளையாட்டு இருந்ததா, குறை இருந்ததா என்று நானும் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், சொல்ல முடியவில்லை. குரல் மட்டும் திருக்காட்டுப்பள்ளிக் குரலாக இருந்தது.

"ஒரு தடவைதானேக்கா கேட்டீங்க" என்றார்.